முதுகுல பை, முன்னால கடல்: நண்பர்களோட வர்க்கலா போய் சும்மா கெடக்க ஒரு வழிகாட்டி

டிசம்பர் நெருங்கினா போதும், மதுரை, திருச்சி, சென்னைல இருக்குற கூட்டுக்காரனுவ ஒரு பிளான் போட்டு வாட்ஸாப்ல அனுப்புவானுவ, அத வாசிச்சாலே நமக்கு கால் வலிக்கும். மொத நாள் கன்னியாகுமரி சூரிய உதயம், அப்படியே சுசீந்திரம், அங்கேருந்து பத்மநாபபுரம் அரண்மனை, சாயங்காலம் கோவளம், மறுநாள் பூவார்ல போட்டிங், ராத்திரி வர்க்கலா, மூணாவது நாள் ஆலப்புழால ஹவுஸ்போட், கடைசில "மச்சி ஃபுல் ரிலாக்ஸா ஒரு பீச் ட்ரிப்"னு ஒரு வரி வேற. இதுல ரிலாக்ஸ் எங்க மக்கா இருக்கு? பாதி நாள் பஸ்ல, மீதி நாள் ரூம் தேடி, பைய கட்டி அவிழ்த்து கட்டி அவிழ்த்தே லீவு தீந்துரும்.

நாங்க மார்த்தாண்டம் பக்கம், எங்களுக்கு கேரளா பார்டர்ங்கிறது சாயா குடிக்கப் போற தூரம். அதனால இந்தக் கடலோரத்துக்கு மொத தடவ பைய மாட்டிட்டு நாலஞ்சு பேரா கெளம்புற யாரு கேட்டாலும் நான் சொல்றது ஒண்ணுதான்: ஒரு ஊர், ஒரு ரூம், கொறஞ்சது மூணு ராத்திரி. பிளான்ல மீதி இருக்குற எல்லாத்தையும் அடிச்சிருங்க. அதுக்கப்புறம் என்ன பண்ணணும்னு வரிசையா சொல்றேன்.

முதல்ல கடற்கரையத் தேர்ந்தெடுங்க

நீரோடி வரைக்கும் நம்ம தமிழ்நாடு, அதத் தாண்டினா கேரளா: பொழியூர், பூவார், விழிஞ்ஞம், கோவளம், திருவனந்தபுரத்துக்கு ஒட்டி சங்குமுகம், இன்னும் வடக்க போனா அஞ்சுதெங்கு, வர்க்கலா, எடவா, காப்பில். எல்லாமே ஒரே கடல்தான், ஆனா தங்குறதுக்கு எல்லாம் ஒண்ணு கெடையாது.

பூவார் நெய்யாறு கடல்ல விழுற எடம், போட்டோல பாத்தா எல்லாருக்கும் போகணும்னு தோணும். ஆனா அங்க இருக்குறதுல முக்கால்வாசி ரிசார்ட்டு, தண்ணில மெதக்குற காட்டேஜு, கல்யாணம் ஆகி ஒரு வாரம் ஆனவங்களுக்கு உள்ள சமாச்சாரம். நாலு பேரு காசு பிரிச்சுப் போட்டு போற கூட்டத்துக்கு அது ஒத்து வராது, கடலும் குளிக்கத் தோதானது இல்ல. கோவளம் திருவனந்தபுரத்துலேருந்து பதினஞ்சு கிலோமீட்டர் வாக்குல, லைட்ஹவுஸ் பீச், ஹவா பீச், சமுத்ரா பீச்னு பக்கம் பக்கமா இருக்கு, கையில ஒரே ஒரு ராத்திரிதான் இருக்குன்னா கோவளம் போதும், ஆனா சனி ஞாயிறு கூட்டத்துல மண்ணு தெரியாது. எங்க ஊர்ப் பக்கம் முட்டம், சொத்தவிளை, சங்குத்துறை, தேங்காப்பட்டணம் எல்லாம் உண்டு, முட்டத்துப் பாறைல உக்காந்து பாக்குற கடல் மாதிரி கேரளாவுல எங்கயும் இல்லன்னு நான் சண்ட போடவும் தயார். இருந்தாலும் அங்க தங்க எடம் கம்மி, போனோம் பாத்தோம் வந்தோம்னு ஒரு சாயங்காலத்துக்கு உள்ளது.

ஆக மூணு நாலு நாள் கெடக்குறதுக்கு வர்க்கலாதான். காரணம் அதோட அமைப்பு. கடலுக்கு மேல செவப்பா ஒரு மலைவெளிம்பு நிக்கும், அதத்தான் எல்லாரும் கிளிஃப்னு சொல்றாங்க, மேல நடபாதை, கடைங்க, ரூமுங்க, கீழ மணலு. எறங்கினா கடல், ஏறினா கட்டில், நடுவுல ஆட்டோ பஸ் எதுவும் தேவையில்ல. இந்தப் பாறைய ஜியாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியா தேசிய நிலவியல் சின்னமா அறிவிச்சிருக்கு, பாறைப் படிவத்துக்கே வர்க்கலாங்கிற பேரத்தான் வெச்சிருக்காங்க.

வர்க்கலாவுலயும் எந்தப் பக்கம்னு ஒரு கேள்வி உண்டு. ஜனார்த்தன சாமி கோயிலுக்கு நேர எறங்குனா பாபநாசம் பீச், அது செத்துப்போன முன்னோருக்கு பலி போடுற, அதாவது திதி குடுக்குற எடம், குடும்பத்தோட வர்றவங்க, டூர் பஸ்ஸு எல்லாம் அங்கதான். நார்த் கிளிஃப்ல கடையும் பாட்டும் ஜாஸ்தி. அதையும் தாண்டி வடக்க நடந்தா கரு மணலோட பிளாக் பீச், அப்புறம் ஓடயம், கூட்டம் கொறஞ்சுகிட்டே போகும். தூக்கம் வேணும்னா ஓடயம் பக்கம் ரூம் போடுங்க, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஆள் நடமாட்டம் வேணும்னா நார்த் கிளிஃப். கூட்டத்துல பொண்ணுங்க இருந்தா ஞாயித்துக்கிழம சாயங்காலம் பாபநாசத்துல குளிக்கிறத விட பிளாக் பீச், ஓடயம் பக்கம் நிம்மதி, முறைச்சுப் பாக்குற கண்ணு அங்க கொறவு.

எப்ப கெளம்பணும்

டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி நல்லது. மார்ச் வரைக்கும் சமாளிக்கலாம், வெயில் மண்டயப் பொளக்கும். ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு மழ நேரா மொகத்துல அடிக்கிற கர இது, பெரிய அலைங்க வந்து மணல வாரி உள்ள கொண்டு போயிரும், சில எடத்துல பீச்சே இருக்காது, பாறையடி வரைக்கும் தண்ணி நிக்கும். மழ முடிஞ்சு கடல் அடங்கினதும் அதே மணல கொஞ்சம் கொஞ்சமா திருப்பிக் கொண்டு வந்து போடும். மழைல வர்க்கலா போகவே கூடாதான்னா, போகலாம், ரூம் பாதி வெலைக்கு கெடைக்கும், சன்னல்ல உக்காந்து மழ பாக்கலாம், கடல்ல கால் வெக்க மட்டும் நெனைக்காதீங்க.

ரெண்டு தேதிய மட்டும் குறிச்சு வெச்சுக்கோங்க. டிசம்பர் 30லேருந்து ஜனவரி 1 வரைக்கும் சிவகிரி தீர்த்தாடனம், நாராயண குரு சமாதி இருக்குற மடம் வர்க்கலாலதான் இருக்கு, ஊர் முழுக்க மஞ்ச உடுத்துன ஜனங்க, அதோட நியூ இயர் கூட்டமும் சேந்துரும். ரூம் வெல ரெண்டு மடங்கு மூணு மடங்குன்னு போகும், ரயில்ல நிக்க எடம் இருக்காது. தீர்த்தாடனத்துக்குப் போறதுன்னா அது வேற, ஓய்வெடுக்கப் போறவன் ஜனவரி 5க்கு மேல போறது நல்லது. இன்னொண்ணு கர்க்கிடக வாவு, அதாவது நம்ம ஆடி அமாவாச, அன்னைக்கு பாபநாசத்துல பலி போட ஆயிரக்கணக்குல ஜனம் வரும், அது மழக்காலம்ங்கிறதால எப்படியும் நீங்க போகப்போறதில்ல.

ரயில்ல போங்க, வழிய மாத்தாதீங்க

ஸ்டேஷன் பேரு வர்க்கலா சிவகிரி, டிக்கெட் போடும்போது அப்படித்தான் தேடணும். சென்னை எழும்பூர்லேருந்து கொல்லம் போற அனந்தபுரி எக்ஸ்பிரஸ், குருவாயூர் எக்ஸ்பிரஸ் ரெண்டும் மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் வழியா திருவனந்தபுரம் போயி வர்க்கலாவுலயும் நிக்கும், நடுவுல எங்கயும் மாற வேண்டாம். அனந்தபுரில சாயங்காலம் ஏறிப் படுத்தா அடுத்த நாள் மத்தியானத்துக்குள்ள வர்க்கலா. பெங்களூருலேருந்து வர்றவங்களுக்கு கன்னியாகுமரி போற ஐலண்ட் எக்ஸ்பிரஸ். கோயம்புத்தூர்க்காரங்க நாகர்கோவில் வழியா சுத்தவே வேண்டாம், பாலக்காடு, எர்ணாகுளம், கொல்லம் வழியா திருவனந்தபுரம் போற வண்டிக்கு வர்க்கலா முன்னாலயே வந்துரும், நிக்குதான்னு மட்டும் பாத்துக்கோங்க, எல்லா வண்டியும் நிக்காது.

நாகர்கோவில், குழித்துறைலேருந்து கெளம்புறவங்களுக்கு ரொம்ப ஈசி, பகல்ல வர்ற, வர்க்கலால நிக்கிற ஏதாவது வண்டில அன்ரிசர்வ்டு டிக்கெட் எடுத்து ஏறுங்க, போன்ல ஆப்லயே எடுத்துரலாம். பஸ்னா களியக்காவிளை வழியா தம்பானூர், எதுத்தாப்புலயே திருவனந்தபுரம் சென்ட்ரல் ஸ்டேஷன், அங்கேருந்து ரயில்ல வர்க்கலா நாப்பது நிமிஷத்துலேருந்து ஒரு மணி நேரம். நெய்யாற்றின்கர, பாலராமபுரம் டிராபிக்கப் பத்தி சொல்லாம விடுறதே மரியாத, அதனால நான் எப்பவும் ரயில் கட்சி.

ஸ்டேஷன்லேருந்து கிளிஃப் மூணு நாலு கிலோமீட்டர். வெளிய வந்ததும் ஆட்டோக்காரர்கிட்ட "கிளிஃப் போணும், எத்தர"ன்னு, அதாவது எவ்வளவுன்னு, ஏறுறதுக்கு முன்னாலயே கேட்டுருங்க. எந்தக் கிளிஃப்னும் சொல்லணும், நார்த் கிளிஃப்ல ஹெலிபேட்னு ஒரு மைதானம் இருக்கு, அங்க எறக்கி விடச் சொன்னா பாதை புடிச்சு நடந்துரலாம். மொழி ஒரு பிரச்சினையே இல்ல, நீங்க தமிழ்ல பைய பேசினா அவங்களுக்குப் புரியும், அவங்க மலையாளத்துல பைய பேசினா உங்களுக்குப் புரியும், ரெண்டு பேரும் வேகமா பேசும்போதுதான் சண்ட மாதிரி கேக்கும்.

ரூம்: ஒரு ராத்திரிக்கு மட்டும் புக் பண்ணுங்க

இது சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா இதுதான் சரி. ஆன்லைன்ல மூணு ராத்திரிக்கும் சேத்து காசு கட்டிட்டுப் போயி, பக்கத்துல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பாட்டு போடுற எடம்னு தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க? மொத ராத்திரிக்கு மட்டும் புக் பண்ணுங்க, பிடிச்சா நேரா ஓனர்கிட்ட பேசி மீதி நாளுக்கு நீட்டுங்க, ஆப்ல காட்டுற வெலைய விட கொறைச்சுத் தர்றதும் உண்டு. பிடிக்கலன்னா காலைல பைய ரூம்லயே வெச்சுட்டு ரெண்டு பேரு மட்டும் நடந்து போயி பத்து எடம் பாத்துட்டு வாங்க. சீசன் உச்சில மட்டும் இது செல்லாது, அப்ப மொத்தமா புக் பண்ணிருங்க.

ஹாஸ்டல் டார்ம்னா, அதாவது பல பேரு சேந்து படுக்குற ரூம்னா, ஒரு கட்டிலுக்கு ஐநூறு ரூபா சுத்தி ஆரம்பிக்கும், சீசன்ல ஏறும். ஆனா நாலு பேரா போறவங்க டார்ம் எடுக்குறதுல பெரிய லாபம் இல்ல, நாலு கட்டில் காசக் கூட்டிப் பாருங்க, அதே காசுல கிளிஃப்லேருந்து நாலஞ்சு நிமிஷம் உள்ள தள்ளி ஒரு ஹோம்ஸ்டேல ரெண்டு ரூம் கெடைக்கும், முத்தத்துல தென்ன மரமும் துணி காயப்போட கயிறும் இருக்கும். அந்தக் கயிறு ரொம்ப முக்கியம், மூணு நாளும் நனைஞ்ச துணிதான் உங்க தலையாய பிரச்சினை. புதுசா ஆளுங்களப் பாக்கணும், பேசணும்னு ஆச இருந்தா டார்ம் போங்க, அது நல்ல காரணம்.

கேக்க வேண்டியது: கொசுவல இருக்கா, தண்ணி நாள் முழுக்க வருமா, செக்அவுட் முடிஞ்சும் சாயங்காலம் வரைக்கும் பைய வெச்சுக்கலாமா, வெளிய குளிச்சுட்டு வர்றதுக்கு ஒரு பைப்பு இருக்கா. எல்லாரும் ஐடி கொண்டு போங்க, ஒருத்தர் ஆதார் போதாது. கூட்டத்துல யாருக்காவது திருவனந்தபுரம் அட்ரஸ் இருந்தா முன்கூட்டியே சொல்லிருங்க, உள்ளூர் ஐடிக்கு ரூம் தர்றதில்லன்னு சொல்ற எடமும் உண்டு.

பாறை விளிம்புல தொங்குற மாதிரி இருக்குற ரூம் வேணும்னு அடம் பிடிக்காதீங்க. மேல செம்பாறை மழத்தண்ணிய உறிஞ்சி கீழ விடும், அடில இருக்குற களிமண்ணு விடாது, அங்க தண்ணி சேந்து ஊத்தா வெளிய வரும். பாபநாசத்துல பாறையடில நீங்க பாக்குற நீரூற்று அதுதான், மூலிகத் தண்ணின்னு ஜனங்க குளிப்பாங்க. அதே தண்ணிதான் மழ பெய்ஞ்சா பாறைய இடிச்சுத் தள்ளுது. மழ விட்ட மறுநாள் பாறையடில துண்ட விரிச்சுப் படுக்குறதும், மேல வேலியத் தாண்டி விளிம்புல நின்னு செல்ஃபி எடுக்குறதும் வேண்டாத வேல.

பைக்குள்ள என்ன

கம்மியா. ஆம்பளைங்களுக்கு ரெண்டு சாரம், ரெண்டு ஷார்ட்ஸ், மூணு டீசர்ட் போதும். சாரம்னா லுங்கி, எங்க ஊர்ப் பேச்சு, விரிச்சா பெட்ஷீட்டு, போத்துனா போர்வ, கட்டுனா உடுப்பு. டர்க்கி டவல் கொண்டு வராதீங்க, காயாம நாறிப்போகும், திருவனந்தபுரத்துலயோ மார்த்தாண்டத்துலயோ ஒரு தோர்த்து, அதான் மெல்லிசான பருத்தித் துண்டு, வாங்குங்க, அர மணி நேரத்துல காயும். ஒரு சின்னப் பூட்டு, பவர் பேங்க், போனுக்கு ஜிப் கவர், சன்ஸ்கிரீன், ஓஆர்எஸ் பாக்கெட்டு ரெண்டு மூணு, டார்ச்சு, சீட்டுக்கட்டு. ஸ்பீக்கர் வீட்டுலயே இருக்கட்டும்.

கடல்ல எறங்குறதுக்கு முன்ன இத வாசிங்க

மத்ததெல்லாம் தவறினா காசு போகும், இது தவறினா ஆளே போயிரும், அதனால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன்.

ராமேஸ்வரத்துல பாத்த கடல மனசுல வெச்சுட்டு இங்க எறங்காதீங்க. இது மேற்குக் கடல், அமைதியா தெரியுற நாள்லயும் உள்ள இழுக்கும். கரைக்கு வந்து மோதுன தண்ணியெல்லாம் திரும்பிப் போகணும்ல, அது எல்லா எடத்துலயும் சமமா போகாது, ஒரு வாய்க்கால் மாதிரி ஒடுக்கமா ஒரே எடத்துல வேகமா உள்ள போகும். அத எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா, ரெண்டு பக்கமும் அல ஒடைஞ்சு வெள்ளையா நொர தெரியும், நடுவுல ஒரு துண்டு மட்டும் அல ஒடையாம, மண்ணு கலங்கின நெறத்துல, நொரையும் குப்பையும் கடலப் பாத்து நகந்துகிட்டு இருக்கும். புதுசா வர்றவன் "ஏ இங்க அலையே இல்லடா"ன்னு சரியா அந்த எடத்துலதான் எறங்குவான். அங்க எறங்கவே கூடாது.

மாட்டிகிட்டா கரையப் பாத்து நீந்தாதீங்க, அந்த இழுப்ப யாராலயும் ஜெயிக்க முடியாது, அஞ்சு நிமிஷத்துல கை ஓஞ்சுரும், முங்குறவங்க முக்கால்வாசி அப்படித்தான் முங்குறாங்க. மல்லாந்து மெதங்க, ஒரு கையத் தூக்கிக் காட்டுங்க, கத்துங்க, இழுப்பு ஒடுக்கமானதுங்கிறதால கரைக்கு எணையா பக்கவாட்டுல நீந்தி வெளிய வந்து, அப்புறம் அல அடிக்கிற எடம் வழியா கரைக்கு வாங்க. கரைல நிக்கிற கூட்டுக்காரன் பாய்ஞ்சு காப்பாத்தப் போகக் கூடாது, மெதக்குற எதையாவது வீசணும், லைஃப்கார்டக் கூப்பிடணும். ஒருத்தரக் காப்பாத்தப் போயி மூணு பேரு போன கத இந்தக் கர முழுக்க கெடக்கு.

இன்னொண்ணு கள்ளக்கடல். மழ இருக்காது, காத்து இருக்காது, வானம் பளிச்சுன்னு இருக்கும், ஆனா திடீர்னு கடல் ஏறி வரும். தெக்க ரொம்ப தூரத்துல, தென் இந்தியப் பெருங்கடல்ல அடிச்ச புயலோட அலைங்க பல நாள் ஓடி இங்க வந்து சேருறதுதான் இது, ஏப்ரல் மே மாசத்துல அதிகம். 2024 மே 6ஆம் தேதி எங்க மாவட்டத்துல கணபதிபுரம் பக்கம் லெமூர் பீச்சுல டாக்டருக்குப் படிச்ச அஞ்சு பிள்ளைங்க அப்படித்தான் செத்தாங்க, கடல் எச்சரிக்க இருந்த நேரம், கூட்டுக்காரங்களோட ஊர் சுத்த வந்த வயசுப் பிள்ளைங்க. ஐதராபாத்துல இருக்குற இன்காய்ஸ்ங்கிற அமைப்புதான் இந்த எச்சரிக்கைய விடுது, கேரளாவுல நியூஸ்ல, போன்ல எல்லாம் சொல்லுவாங்க. காலைல எழுந்ததும் இன்ஸ்டாகிராம் பாக்குறதுக்கு முன்னால அன்னைக்கு எச்சரிக்க உண்டான்னு ஒரு தடவ பாருங்க.

மத்தபடி சின்னச் சின்ன விஷயங்க. செவப்புக் கொடி பறந்தா எறங்காதீங்க, செவப்பும் மஞ்சளும் சேந்த கொடி ரெண்டு நட்டிருந்தா அதுக்கு நடுவுல குளிங்க. லைஃப்கார்டு விசில் அடிச்சா வெளிய வாங்க, "எனக்கு நீச்சல் தெரியும் சேட்டா"ன்னு வாதாடாதீங்க, ஊர்க் கெணத்து நீச்சல் வேற. ராத்திரி குளிக்க வேண்டாம், குடிச்சுட்டு எந்த நேரமும் வேண்டாம். சந்தேகமா இருந்தா அங்க வல காயப்போடுற மீன்காரங்ககிட்ட இன்னைக்கு கடல் எப்படின்னு கேளுங்க, நீவாடு, அதாவது கடலுக்குள்ள ஓடுற நீரோட்டம், எந்தப் பக்கம் ஓடுதுன்னு அவங்களுக்குத் தெரியிற மாதிரி எந்த ஆப்புக்கும் தெரியாது. சொறி, அதான் ஜெல்லி மீன், மேல பட்டு எரிஞ்சா தேய்க்காதீங்க, நல்ல தண்ணில கழுவாதீங்க, கடல் தண்ணிலயே அலசுங்க, வீக்கமோ மூச்சுத் தெணறலோ வந்தா உடனே ஆஸ்பத்திரி. பீச்சுல நாய் ஜாஸ்தி, பிஸ்கட் போட்டு கொஞ்சாதீங்க, கடிச்சுட்டா சோப்பு போட்டு ஓடுற தண்ணில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ஊசி போட தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போங்க. அவசரத்துக்கு 112.

அலைல வெளையாட உண்மையிலயே ஆச இருந்தா சர்ஃபிங் கிளாஸ் ஒரு நாள் போடுங்க, வர்க்கலா எடவா ரெண்டு பக்கமும் சொல்லித் தர்றாங்க, பலகையோட ஒரு ஆள் கூடவே நிப்பாரு, கடலப் பத்தியும் நாலு விஷயம் தெரிஞ்சிக்கலாம். பாராகிளைடிங்கும் இருக்கு, 2023 மார்ச்சுல பாபநாசத்துல ஒண்ணு பறந்து போயி ஹைமாஸ்ட் லைட் கம்பத்துல சிக்கி ரெண்டு பேரு ரொம்ப நேரம் தொங்குனாங்க, பறக்குறவங்க லைசென்ஸ், இன்சூரன்ஸ் கேட்டுட்டு பறங்க.

சாப்பாடும் காசும்

கிளிஃப் மேல கடைங்க எல்லாம் அழகுதான், ஆனா மூணு வேளையும் அங்க சாப்பிட்டா ஊருக்குத் திரும்ப டிக்கெட்டுக்கு கடன் வாங்கணும். எனக்குத் தெரிஞ்ச கணக்கு என்னன்னா, காலையும் மத்தியானமும் கோயில் ஜங்சன் பக்கமோ, மைதானம்னு சொல்ற வர்க்கலா டவுன் பக்கமோ சாதா ஹோட்டல், சாயங்காலம் மட்டும் கிளிஃப்ல ஒரு லெமன் டீ வாங்கி வெச்சுட்டு சூரியன் விழுற வரைக்கும் உக்காந்திருக்கலாம். காலைல புட்டு கடல, இல்லன்னா அப்பம் முட்டக் கறி. மத்தியானம் மட்ட அரிசிச் சோறு, மீன் கறி, வறுத்த சாளை, கூட மோரு. சோறு மொதல்ல தொண்டைல நிக்கும், ரெண்டாவது நாள் பழகிரும். மரச்சீனியும் மீன் கறியும் கண்ணுல பட்டா விட்டுறாதீங்க, அங்க கப்பன்னு கேக்கணும். நாலு மணிக்கு கட்டன் சாயா, பழம்பொரி. ராத்திரி பொரோட்டா, கூட பீஃப் ஃப்ரை, சாப்பிடாதவங்களுக்கு முட்ட ரோஸ்ட்.

சாயங்காலம் கிளிஃப் கடை வாசல்ல ஐஸ் மேல மீன அடுக்கி வெச்சிருப்பாங்க, நீங்க காட்டுற மீன சுட்டுத் தருவாங்க. எட போட்டு, சமையக் கூலி உட்பட மொத்தம் எவ்வளவுன்னு வாயால சொல்ல வெச்சுட்டுத்தான் சரின்னு சொல்லணும், நெய்மீனும் எறாலும் எடைல ஏமாத்திரும். ஜூன் ஜூலைல விசைப்படகு கடலுக்குப் போகாது, கேரளாவுல ஜூன் 9 ராத்திரிலேருந்து ஜூலை 31 வரைக்கும் 52 நாள் தட, அப்ப மீன் வெல கேட்டா கண்ணு சுத்தும்.

காச ஒருத்தர் கையில குடுங்க. மொத நாளே ஆளுக்கு இவ்வளவுன்னு ஒரே ஆளுக்கு ஜிபே பண்ணிட்டு, ரூம், சாப்பாடு, ஆட்டோ எல்லாம் அந்தக் காசுல. தீந்தா மறுபடி எல்லாரும் சமமா போடணும். சிகரெட், பீர், டாட்டூ, துணிமணி எல்லாம் அவங்கவங்க சொந்தக் காசு. இத முன்னாலயே பேசாத கூட்டம்தான் திரும்பி வர்ற ரயில்ல மொகத்தத் திருப்பிட்டு உக்காந்திருக்கும்.

குடிக்கிறவங்களுக்கு ரெண்டே வரி. கேரளாவுல 23 வயசு ஆகணும், மாசம் ஒண்ணாந்தேதி பெவ்கோ, அதாவது அரசு மதுக்கட, கெடையாது. பீச்சுல, ரோட்டுல வெச்சு குடிச்சா கேஸு, போலீஸ் ரவுண்ட்ஸ் வரும். பார்டர் தாண்டி பாட்டில் கடத்துற சாகசமெல்லாம் வேண்டாம், அமரவிள செக்போஸ்ட்ல எக்சைஸ்காரங்க சும்மா நிக்கல.

நாள எப்படிக் கழிக்கிறது

ஆறரைக்கு எழுந்துருங்க, லீவுலயும் அது ஒண்ணு மட்டும் செய்ங்க. அந்த நேரத்துல பீச்சுல யாரும் இல்ல, வெயில் பாறைக்குப் பின்னால இருக்குறதால மணலு முழுக்க நெழல், ஒம்பதரை வரைக்கும் குளிக்கலாம். சில நாள் கரமடி, அதாவது கரைல நின்னே கயிறு புடிச்சு இழுக்குற பெரிய வல, இழுக்குறத பாக்கலாம், கயிறு புடிக்க ஆள் தேவப்பட்டா அவங்களே கூப்பிடுவாங்க, இல்லன்னா தள்ளி நில்லுங்க, போன நீட்டிட்டு வலைக்குள்ள போகாதீங்க, அது அவங்க பொழப்பு.

பத்து மணிலேருந்து நாலு வரைக்கும் ஒண்ணும் வேண்டாம். தூங்கு, சீட்டு வெளையாடு, புக்கு வாசி, தூங்கு. முதல் நாள் எல்லாருக்கும் ஒரு பதட்டம் வரும், "என்னடா சும்மாவே இருக்கோம், எங்கயாச்சும் போலாம்"னு ஒருத்தன் கெளப்புவான், அவன அமுக்கி உக்கார வைங்க, ரெண்டாவது நாள் மத்தியானம் அவன்தான் கொறட்ட விட்டுத் தூங்குவான். நாலு மணிக்கு மறுபடி கடல், டிசம்பர்ல ஆறே கால் வாக்குல சூரியன் விழும்.

மூணு நாளுக்கு நடுவுல அர நாள் வெளிய போயிட்டு வரலாம், அதுக்கு மேல வேண்டாம். வடக்க காப்பில், ஒரு பக்கம் காயல், மறுபக்கம் கடல், நடுவுல ரோடு, சாயங்காலம் போனா நல்லாருக்கும். இல்லன்னா தெக்க அஞ்சுதெங்கு, அங்க இங்கிலீஷ்காரன் ஈஸ்ட் இந்தியா கம்பெனி கட்டுன கோட்டையும் லைட்ஹவுஸும் இருக்கு. 1721ல ஆற்றிங்கல் ராணிக்கு பரிசு கொண்டு போறோம்னு இந்தக் கோட்டைலேருந்து கெளம்புன கம்பெனிக்காரங்க நூத்துக்கும் மேல பேர ஊர்க்காரங்க அடிச்சுக் கொன்னுட்டாங்க, பாஞ்சாலங்குறிச்சிக்கு எவ்வளவோ வருஷம் முன்னால. அதே வழில பொன்னும்துருத்துன்னு காயல் நடுவுல ஒரு தீவு, கோயிலோட, தோணில போயிட்டு வரலாம். ரெண்டுல ஒண்ணு போதும்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தா கருப்பு பிளேட்ல மஞ்ச எழுத்து இருக்குற வண்டியா பாத்து எடுங்க, அதுதான் வாடகைக்குன்னு பதிஞ்ச வண்டி, யாரோ வீட்டு வண்டிய எடுத்து ஆக்சிடெண்ட் ஆனா இன்சூரன்ஸ் கைய விரிச்சுரும். எடுக்கும்போதே சுத்தி வீடியோ எடுத்துக்கோங்க. பின்னால உக்காருறவனுக்கும் ஹெல்மெட் வேணும், 2023 ஜூன்லேருந்து கேரளா ரோடு முழுக்க ஏஐ கேமரா அபராதம் போடுது, மூணு பேரு ஒரு வண்டில போனா வீட்டுக்கே சலான் வந்துரும்.

ஜனார்த்தன சாமி கோயிலுக்குப் போறதுன்னா ஆம்பளைங்க வேட்டி, சட்டையக் கழட்டணும். ஷார்ட்ஸ்ல போயி வாசல்ல நின்னு முழிக்க வேண்டாம்.

கெளம்புற நாள்

சாயங்கால ரயிலா பாத்து டிக்கெட் போடுங்க, அப்பதான் கடைசி நாளும் ஒரு நாளா இருக்கும். காலைல கடல்ல எறங்கி வந்து குளிச்சு, நனைஞ்ச துணிய தனி கவர்ல கட்டி, பதினோரு மணிக்கு ரூம காலி பண்ணிட்டு பைய ஓனர்கிட்ட வெச்சுட்டு சாப்பிடப் போங்க. சார்ஜர், கயித்துல காயுற தோர்த்து, கட்டிலடில ஒத்தச் செருப்பு, இந்த மூணும்தான் எப்பவும் விட்டுட்டு வர்றது, ஒருத்தர் கடைசியா ஒரு ரவுண்டு பாருங்க. குப்பைய அங்க விடாதீங்க. ஆட்டோவ ஒரு மணி நேரம் முன்னாலயே சொல்லி வைங்க, ஞாயித்துக்கிழம சாயங்காலம் கிளிஃப்லேருந்து ஸ்டேஷன் போற ரோடு நகராது. காசு வெச்சிருந்த ஆள் பிளாட்பாரத்துல உக்காந்து கணக்க முடிச்சு மிச்சத்த எல்லாருக்கும் அனுப்பிரட்டும், வண்டில ஏறினா அவன் தூங்கிருவான், அப்புறம் அடுத்த ட்ரிப்புலதான் கெடைக்கும்.